அண்ணன் தம்பி கச்சேரி

2025 ஜூலை 4 ராத்திரி எங்கள் வாட்ஸப் குழுவில் ஒருத்தனும் தூங்கவில்லை. கார்டிஃப் மைதானத்தில் ஓயாசிஸ் திரும்ப மேடையேறியது. 2009-ல் பாரிஸில் சண்டை போட்டுப் பிரிந்த நோயலும் லியாமும் கையைக் கோத்துக்கொண்டு நடந்து வந்த அந்தப் பத்து நொடி வீடியோவை, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப் பார்க்கிற என் நண்பன் நாலு தடவை போட்டான். நாலாவது தடவை கூடவே அழுகிற பொம்மையும் போட்டான். அவனைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதியில்லை, நானும் கண் கலங்கித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குழுவில் இருக்கிற பதினேழு பேரில் பாதிப் பேருக்கு ஓயாசிஸின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் பெயர் தெரியும். எந்தப் பாட்டில் அண்ணன் பாடினான், எந்தப் பாட்டைத் தம்பி பாட மறுத்தான் என்று தேதியோடு சொல்வார்கள். சும்மா ஒரு வம்புக்கு நான் கேட்டேன்: "பாவலர் பிரதர்ஸ்ல யாரு என்ன வாசிச்சாங்கன்னு சொல்லுங்கடா பாப்போம்." கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒருத்தன் எழுதினான்: "ராஜா சார்தான் மாப்ள எல்லாம்."

இந்தக் கட்டுரை அந்த 'எல்லாம்' என்ற சொல்லோடு போடுகிற சண்டை.

மான்செஸ்டர் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து வாசித்தால் நமக்கு அது 'பேண்ட்'. யார் பாட்டெழுதினார், யார் கடன் வாங்கி கிடார் வாங்கிக் கொடுத்தார், யார் யாரை அடித்தார் என்று வரிவரியாகப் படிக்கிறோம். நம்மூர் அண்ணன் தம்பிகள் சேர்ந்து வாசித்தால் அதில் ஒருத்தரை மட்டும் தூக்கி மேலே வைத்து, 'தெய்வீகம்' என்று சூடம் காட்டி, மற்றவர்களைப் பந்தலுக்கு வெளியே உட்கார வைத்துவிடுகிறோம். அப்படி உட்கார வைத்தபின் அந்த இசை எப்படி உண்டானது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. சொல்ல முடியாததால் அற்புதம் என்கிறோம். நம் ஊரில் இசை பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்தச் சோம்பேறித்தனம்தான், பக்தி வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

பாவலர் பிரதர்ஸுக்கு வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போயாக வேண்டும், ஏனென்றால் இந்த வியாதி ராஜா ரசிகர்களிடம் தொடங்கியது இல்லை. கோவில்பட்டியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் எட்டயபுரம். வெளியூர்க்காரர்கள் பாரதி வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். கொஞ்சம் சங்கீதம் தெரிந்தவர்கள் முத்துசாமி தீட்சிதர் நினைவிடத்துக்கும் போவார்கள். 1835 தீபாவளியன்று அவர் இறந்தது இந்த ஊரில்தான். அங்கே யாரைக் கேட்டாலும் மழைக் கதையைச் சொல்வார்கள். வறண்டு கிடந்த இந்தப் பூமியைப் பார்த்து மனம் இளகி, அமிர்தவர்ஷினி ராகத்தில் பாடினார், வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

கரிசலில் வளர்ந்தவனுக்கு அந்தக் கதை ஏன் ஒட்டிக்கொண்டது என்று விளக்கத் தேவையில்லை. சித்திரையில் எங்கள் காட்டில் ஆட்டுக்குட்டியின் கால் போய்விடும் அளவுக்கு மண் வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழை ஏமாற்றினால் அந்த வருஷம் பருத்தியும் இல்லை, உளுந்தும் இல்லை, பொம்பளையாட்கள் தீப்பெட்டி ஆபீஸுக்குத்தான் போக வேண்டும். மழையைக் கூப்பிட்டவரை இந்த மண் மறக்காது. அது நியாயம்தான்.

ஆனால் அந்தக் கதையிலேயே யாரும் நின்று பார்க்காத ஒரு துண்டு இருக்கிறது. தீட்சிதர் எதற்காக எட்டயபுரம் வந்தார்? தம்பி அங்கே இருந்ததால் வந்தார் என்றுதான் அந்தக் கதையைச் சொல்கிறவர்களே சொல்கிறார்கள். பாலுசாமி தீட்சிதர், எட்டயபுரம் அரண்மனை வித்வான். முத்துசாமி, சின்னசாமி, பாலுசாமி என்று மூன்று பேர் அந்த வீட்டில். அப்பா ராமசாமி தீட்சிதர், ஹம்சத்வனி ராகத்தை உருவாக்கியவர் என்று சொல்லப்படுபவர். குடும்பம் சென்னைக்குப் பக்கத்து மணலியில், முதலியார் ஒருவரின் ஆதரவில் இருந்தபோது, செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டு வாசிக்கிற மெட்டுகள் பையன்களின் காதில் விழுந்தன. அண்ணன் அந்த மெட்டுகளைப் பிடித்துக்கொண்டார். தம்பி வாத்தியத்தையே பிடித்துக்கொண்டார். வெள்ளைக்காரர் ஒருவரிடம் பாலுசாமி வயலின் கற்றார். இன்றைக்குக் கர்நாடக சங்கீதக் கச்சேரி எதுவும் வயலின் இல்லாமல் நடக்காது. அந்த வாத்தியத்தை நம் பாட்டுக்குப் பழக்கியவர்களில் முதல் பெயர் பாலுசாமி. அடுத்த பெயர் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, தீட்சிதரின் சிஷ்யர். 1834-ல் சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தில் வயலின் கொடுத்தார். அதுவும் அண்ணன் தம்பி கோஷ்டிதான் என்பதைக் கவனியுங்கள்.

மேற்கத்திய மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சம்ஸ்கிருதத்தில் வார்த்தை போட்ட சின்னச் சின்னப் பாடல்களுக்கு நோட்டுஸ்வரம் என்று பெயர். கமகம் கிடையாது, சங்கராபரண ஸ்வரங்களில் குதித்துக் குதித்துப் போகும். பிரிட்டிஷ் ராஜாவை வாழ்த்துகிற மெட்டுக்குக்கூட அம்மன் பெயரில் வார்த்தை போட்டார். கச்சேரி மேடையில் இவற்றைக் குழந்தைப் பாட்டு என்று ஓரம் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அவை ஒரு தெருக் கோஷ்டியின் நோட்டுப் புத்தகம் மாதிரித் தெரிகின்றன. ஊரில் ஓடுகிற மெட்டு ஒன்று, அதற்கு நம்ம வார்த்தை, வீட்டில் தம்பி கையில் அந்நிய நாட்டுக் கம்பி வாத்தியம். இதற்கு இன்றைய பாஷையில் என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. தீட்சிதர் கிருதிகள் இன்று நம் கையில் இருப்பதற்கு முக்கியக் காரணம் 1904-ல் எட்டயபுரத்தில் அச்சான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' என்ற மாபெரும் புத்தகம். ஸ்வரப்படுத்தி எழுதியவர் சுப்பராம தீட்சிதர், பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரன், அவராலேயே தத்தெடுக்கப்பட்டவர். எழுதச் சொல்லி விடாமல் நச்சரித்தவர் சின்னசாமி முதலியார் என்கிற தமிழ்க் கிறித்தவர். 1906-ல் சுப்பராம தீட்சிதர் இறந்தபோது பாரதி இரங்கல் பாடினார். அதாவது அண்ணன் பாட்டைக் காப்பாற்றி நமக்குக் கொடுத்தது தம்பி வீடு. எட்டயபுரத்து டீக்கடையில் பாலுசாமி என்று சொல்லிப் பாருங்கள். "எந்தத் தெரு பாலுசாமி?" என்பார்கள். நான் கேட்டிருக்கிறேன். மழை நிற்கிறது, வயலின் போய்விட்டது.

சரி, இனி பண்ணைப்புரம். அது கரிசல் இல்லை, மேற்கு மலையடிவாரம், கம்பம் பள்ளத்தாக்குப் பக்கம். ஆனாலும் அந்த வீட்டுக் கோஷ்டி செய்த வேலை எங்கள் ஊர்க்காரனுக்கு எளிதில் புரியும். கோவில்பட்டி செங்கொடி ஊர். இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எஸ். அழகர்சாமியைப் பல தடவை எம்.எல்.ஏ. ஆக்கிய ஊர். கட்சிக் கூட்டம் என்றால் தலைவர் வருவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் பாட்டு ஓடும் என்பது எங்கள் தாத்தாமார்களுக்குத் தெரியும். கூட்டத்தைச் சேர்ப்பதும், சேர்ந்த கூட்டத்தைக் கலையாமல் பிடித்து வைப்பதும் பாட்டுக்காரன் பொறுப்பு. தலைவர் கார் பஞ்சர் ஆகி லேட்டானால் பாட்டுக்காரன் தொண்டை கிழிய வேண்டும்.

பாவலர் வரதராஜன் அந்த வேலையில் பெரிய ஆள். கம்யூனிஸ்ட் மேடைப் பாடகர். ஊரில் ஓடுகிற சினிமா மெட்டை எடுத்து அரசியல் வார்த்தை போட்டுப் பாடுவார். 1958-ல் தேவிகுளம் இடைத்தேர்தல். கேரளத்தில் இ.எம்.எஸ். அரசுக்கு ஒவ்வொரு இடமும் உயிர். ரோசம்மா புன்னூஸ் வேட்பாளர், ஓட்டுப் போடுபவர்களில் பெரும்பகுதி தமிழ்த் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள். வரதராஜன் எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய்ப் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். இந்த மாலை பாவலருக்குப் போட வேண்டியது என்று இ.எம்.எஸ். சொன்னதாக ஒரு கதையும் சுற்றுகிறது. கதையை விடுங்கள், மலை ஏறி இறங்கிப் பாடியது நிஜம்.

அந்தச் சமயத்தில்தான் பதினாலு, பதினைந்து வயது ராசையா அண்ணனோடு சேர்கிறார். முதலில் அவருக்கு வாய்த்தது பெண் குரல். குரல் உடையாத பையன் என்பதால் டூயட்டில் பொம்பளைப் பாகம். குரல் உடைந்ததும் அந்த வேலை போயிற்று, கை ஆர்மோனியத்துக்குப் போயிற்று. அண்ணன் அந்தப் பெட்டியைத் தொடவிடாமல் அடித்ததையும், அண்ணன் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக வாசித்துப் பழகியதையும் இளையராஜாவே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். பாஸ்கர் தபேலா. கடைசித் தம்பி அமர்சிங், அதாவது கங்கை அமரன், கிடார். பாவலர் பிரதர்ஸ் என்பது இந்த நாலு பேர். பத்து வருஷத்துக்குப் பக்கமாகத் தமிழ்நாடு பூரா சுற்றிய ஒரு பேண்ட்.

இந்தப் பத்து வருஷத்தை ராஜாவின் ரசிகர்கள் எப்படி எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 'வறுமையில் வாடிய இளமைக்காலம்.' ஒரு பத்தி. அதற்கப்புறம் நேரே 1976, 'அன்னக்கிளி', ரிக்கார்டிங் தியேட்டரில் கரண்ட் போன கதை, அற்புதம் ஆரம்பம்.

நான் சொல்கிறேன், அந்த ஒரு பத்திக்குள்தான் சரக்கு பூரா இருக்கிறது. அடுத்தவன் மெட்டுக்கு வார்த்தை மாற்றுவது சும்மா வேலை இல்லை. மெட்டை முதலில் பிரித்துப் போட வேண்டும். எந்த இடத்தில் குறில் நிற்கும், எந்த இடத்தில் நெடிலை இழுத்தால் ஜனம் கைதட்டும், எந்த ஸ்வரத்தில் வேட்பாளர் பெயரை வைத்தால் காதில் நிற்கும் என்று கணக்குப் போட வேண்டும். அம்பது பேர் ஆர்க்கெஸ்ட்ரா வாசித்ததை ஆர்மோனியம், தபேலா, கிடார் மூன்றில் அடக்க வேண்டும். எதை விட்டால் பாட்டு செத்துப்போகும், எதை விட்டாலும் ஒன்றுமில்லை என்று ராத்திரிக்கு ராத்திரி தெரிந்துகொள்ள வேண்டும். சரியாக வராவிட்டால் விமர்சனம் பேப்பரில் வராது, கல்லாக வரும். பல நூறு சினிமாப் பாட்டை இப்படிப் பிரித்து மாட்டியவனுக்கு ஒரு மெட்டு எப்படி நிற்கிறது என்பது கைக்கு வந்துவிடும். இதைவிடக் கறாரான இசைப்பள்ளி எனக்குத் தெரியவில்லை. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் வரதராஜன்.

அப்புறம் மெட்ராஸ். 1960களின் கடைசியில் தம்பிகள் சென்னைக்கு வருகிறார்கள். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை. லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிக்கல் கிடார் பரீட்சை. ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளர். சலீல் சௌத்ரிக்குக் கிடார் வாசிப்பு. இவையெல்லாம் பலர் எழுதியவை, நான் திரும்ப எழுதவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம். கிடார் ராஜாவுக்கு என்ன கொடுத்தது? ஆர்மோனியத்தில் வலது கை மெட்டோடு போகும், பெட்டி பாடுகிறவனின் நிழல். கிடாரில் கட்டை விரல் கீழே தனியாக ஒரு வழி போகும், மற்ற விரல்கள் மேலே வேறு வழி போகும். மெட்டுக்கு எதிரே கீழே இன்னொரு மெட்டு நடக்கலாம் என்பதை விரலுக்குச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியம் அது. ராஜா பாட்டில் பேஸ் கிடார் ஏன் அப்படித் தனியாகப் பேசிக்கொண்டு போகிறது என்று யோசிப்பவர்கள் இங்கே தொடங்கலாம். அதுவும் அருள் இல்லை, விரல் தேய்ந்த பழக்கம்.

வரதராஜன் இதைப் பார்க்க இருக்கவில்லை. 'அன்னக்கிளி' வருவதற்கு முன்பே போய்விட்டார். பாஸ்கர் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று அண்ணன் பெயரில் கம்பெனி வைத்து 1981-ல் 'அலைகள் ஓய்வதில்லை' எடுத்தார். கங்கை அமரன் '16 வயதினிலே'வில் எழுதிய 'செந்தூரப்பூவே'தான் எஸ். ஜானகிக்கு முதல் தேசிய விருதைக் கொண்டுவந்தது. அதே கங்கை அமரன்தான் 1989-ல் 'கரகாட்டக்காரன்' எடுத்தார். எங்கள் ஊர்க் கொடையில் அந்தப் படத்துப் பாட்டுப் போடாத வருஷம் எனக்கு நினைவில்லை. ஆனாலும் அவரைப் பற்றி மீம்ஸ் இருக்கிறது, ஒரு உருப்படியான கட்டுரை என் கண்ணில் படவில்லை. கிராமத்துப் பேச்சை அப்படியே மெட்டில் உட்கார வைக்கிற அந்தக் கை எங்கே பழகியது? அண்ணன் போட்ட அரசியல் பாட்டுக்குக் கிடார் அடித்த மேடையில்தானே?

இந்த இடத்தில் ஒரு சண்டை வரும், தெரியும். "அப்ப ராஜா பெரிய ஆளு இல்லேங்கிறியா?" ஐயா, 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றிய மனிதரைப் பற்றி நான் அப்படிச் சொல்வேனா? அந்த வீட்டில் நாலு பேருக்கும் ஒரே மேடைதான் கிடைத்தது, ராஜா ஒருத்தர்தான் அங்கே போனார். அந்த வித்தியாசம் அவருடையது, யாரும் பங்கு கேட்க முடியாது. அண்ணனைப் பற்றிப் பேச அவர் தயங்கியதும் கிடையாது. என் வழக்கு அவர் மேல் இல்லை, அவர் சொன்னதைக் காதில் வாங்காமல் சூடம் காட்டிக்கொண்டிருப்பவர்கள் மேல்.

காப்புரிமைச் சண்டை வரும்போதெல்லாம் இந்தச் சூடப் புகை கண்ணைக் கரிக்கும். 2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் போனபோதும் சரி, 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' சமயத்திலும் சரி, ஒரு பக்கம் "எல்லாம் அவர் மூளை", இன்னொரு பக்கம் "காசு வாங்கிட்டார்ல, அப்புறம் என்ன?" என்று இரண்டே கோஷம். இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் தொடர்ந்து ராயல்டி போக வேண்டும் என்று 2012 சட்டத் திருத்தம் வழி செய்தது. அது நியாயம், நான் அந்தப் பக்கம்தான். ஆனால் அந்த நியாயத்துக்கு 'எல்லாம் ஒரே மூளை' என்ற பொய் தேவையே இல்லை. வாசித்தவருக்கும் உரிமை உண்டு என்று 1994-லேயே சட்டத்தில் எழுதியாகிவிட்டது. 'இளைய நிலா' தொடங்கியதும் கண்ணை மூடுகிற நமக்கு, அந்தக் கிடாரை வாசித்தவர் சந்திரசேகர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? நோயல் கால்லகர் எந்த கம்பெனி கிடார் வைத்திருந்தார் என்று என்னிடம் சொல்லாதீர்கள். எனக்கும் தெரியும், அதுதான் வெட்கமாக இருக்கிறது.

இதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்று கேட்டால், எங்கள் ஊர்க் கொடையிலிருந்து ஒன்று சொல்லவேண்டும்.

போன வருஷம் கோவில்பட்டிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஆர்க்கெஸ்ட்ரா. டி.ஜே. வந்தபிறகு இந்தப் பக்கம் ஆர்க்கெஸ்ட்ரா குறைந்துவிட்டது, வைக்கிற ஊரைத் தேடித்தான் போக வேண்டியிருக்கிறது. குழுவை நடத்துவது அண்ணன் தம்பி. தம்பி லீட் கிடார், நன்றாகவே வாசிக்கிறார், செல்போனில் எடுத்துப் போட்டு அவருக்கு ரசிகர் கூட்டம்கூட இருக்கிறது. போஸ்டரில் அவர் படம், அவர் பெயர். அண்ணன் மேடையில் இல்லை. பின்னால் வேன் பக்கத்தில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, மடியில் ஒரு டயரி. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, எந்தப் பாட்டை எந்தச் சுருதிக்கு இறக்க வேண்டும், பாடுகிற பெண்ணுக்குத் தொண்டை கட்டியிருந்தால் எதைத் தூக்கிவிட வேண்டும், எல்லாம் அதில். பதினெட்டு வருஷத்து டயரிகள் வீட்டில் இருக்கின்றனவாம்.

"நீங்க என்ன வாசிப்பீங்கண்ணே?" என்று கேட்டேன்.

"நான் எங்க தம்பி வாசிச்சேன். முதல்ல பேஸ் வாசிச்சேன். பேஸை வித்துத்தான் இவனுக்கு நல்ல கிடார் வாங்குனோம். இப்ப பேஸைக் கீபோர்டுலயே போட்டுக்கிடுதோம்."

"டயரிய ஒருநாள் பாக்கலாமாண்ணே?"

சிரித்தார். "அதுல என்னத்தப் பாக்கப் போறிய? எல்லாம் சுருதியும் நேரமுமா கெடக்கும்." மேடையில் தம்பி ஏதோ கையைக் காட்டினார். அண்ணன் எழுந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு கம்பிச் சுருளை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடைக்குப் பின்பக்கமாக ஏறினார். மூன்றாவது கம்பி அறுந்திருந்தது. அவர் மாட்டி முறுக்கி முடிக்கிற வரைக்கும் தம்பி மைக்கில் கூட்டத்தோடு பேசிக்கொண்டிருந்தார். இந்த வருஷக் கொடை வைகாசி கடைசியில். அந்த டயரிகளைப் பார்க்க வருகிறவர்கள் என்னிடம் சொல்லுங்கள், கூட்டிப் போகிறேன்.